ஃபியூஸ் போன பல்பில் ஒரு சினிமாக் கொட்டகை

முழுப்பரீட்சை லீவு என்பது ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை நீளும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஐந்தாறு வாரத்துக்கு வேண்டிய விளையாட்டுப் பொருள் பெரும்பாலும் கடையிலிருந்து வரவில்லை. வீட்டில் ஒரு வேலை முடித்து ஓய்ந்த பொருட்களிலிருந்து வந்தது. ஃபியூஸ் போன பல்பு, தீர்ந்துபோன தீப்பெட்டி, நுங்கு எடுத்த பனங்காய், பாதி எழுதிய நோட்டு. அந்தப் பொருட்களையெல்லாம் திறக்க முடிந்தது, பிரிக்க முடிந்தது, ஆணியால் துளைக்க முடிந்தது. அதனால்தான் அவற்றுக்கு இரண்டாவது வேலை கிடைத்தது. இன்றைய எல்.இ.டி. பல்பு கெட்டுப்போனால் ஒரு பிள்ளையால் அதை எதுவும் செய்ய முடியாது. குறை பிள்ளையிடம் இல்லை, பொருளில் இருக்கிறது.

இந்தக் கைவேலைகளில் முதலிடம் பல்பு சினிமாவுக்குத்தான். ஒரு பைசா செலவில்லாமல் ஒளியியலின் பாதிப் பாடத்தைச் சுவரில் காட்டிய கருவி அது.

வேண்டியவை நான்கு: தண்ணீர் நிரப்பிய பழைய குண்டு பல்பு, ஒரு துண்டு ஃபிலிம், முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு வெள்ளை வேட்டி. இருட்டறையும் நல்ல வெயிலும் இருந்தால் காட்சி ஆரம்பம்.

ஃபிலிம் சினிமாக் கொட்டகையிலிருந்து வரும். ஓடும்போது ரீல் அறுந்தால் ஆபரேட்டர் சிதைந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டுவார். அந்த வெட்டுத் துண்டுகள் கைமாறிக் கைமாறிப் பெட்டிக்கடைக்கும் திருவிழாக் கடைக்கும் வந்து விற்பனையாகும். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடி நீளத்துக்கு 16 கட்டம். வினாடிக்கு 24 கட்டம் ஓடும் என்பதால் ஒன்றரை அடி ஃபிலிம் கையில் இருந்தால் ஒரு வினாடிப் படம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். படத்துக்கும் ஓரத் துளைகளுக்கும் நடுவே நெளிநெளியாக ஒரு கோடு ஓடும். அதுதான் படத்தின் ஒலி. வசனமோ பாட்டோ உள்ள இடத்தில் கோடு நெளியும், சத்தமே இல்லாத இடத்தில் நேராக இருக்கும். பழைய ஈஸ்ட்மன் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடுவதால் படமே சிவந்து கிடக்கும். பழைய துண்டுகளில் எல்லோரும் ரோஸ் நிறத்தில் இருந்ததற்கு அதுதான் காரணம், எடுத்தவர்கள் மேல் பிழையில்லை. எழுபதுகளில் தமிழில் சினிமாஸ்கோப் வந்தபிறகு இன்னொரு வேடிக்கையும் சேர்ந்தது. அந்த ஃபிலிமில் படத்தை அகலவாக்கில் பாதியாக நெருக்கிப் பதிந்திருப்பார்கள். கொட்டகையின் புரொஜெக்டரில் உள்ள தனி லென்ஸ் அதை மறுபடி விரிக்கும். பல்பு விரிக்காது. அதனால் வேட்டியில் நாயகனும் வில்லனும் தென்னைமரம்போல நெட்டையாக நிற்பார்கள்.

அடுத்தது பல்பு. இரண்டு பின் உள்ள பித்தளைத் தொப்பி போட்ட தெளிந்த கண்ணாடி பல்புதான் வேண்டும். பால் பல்பு உதவாது, அது ஒளியைச் சிதறடித்துவிடும். 60 வாட் பல்பின் உருண்டை ஏறக்குறைய 6 செ.மீ. குறுக்களவு இருக்கும். தொப்பியின் அடியில் கறுப்புக் கண்ணாடி பதித்து, அதில் இரண்டு ஈயப் பொட்டு வைத்திருப்பார்கள். பல்பைக் கனமான துண்டில் சுற்றிக்கொண்டு, ஈயத்தைச் சுரண்டி எடுத்து, கறுப்புக் கண்ணாடியை ஆணி முனையால் சிறிது சிறிதாகத் தட்டி உடைக்க வேண்டும். ஒரே அடியாக அடித்தால் விரிசல் கழுத்துக்கு ஏறி பல்பே போய்விடும். கறுப்பு உதிர்ந்ததும் உள்ளே இழையைத் தாங்கும் கண்ணாடித் தண்டு தெரியும். அதையும் மெல்லத் தட்டி உடைத்தால் உஸ் என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றை விடச் சற்றுக் குறைவு, அதனால் காற்று உள்ளே புகும் சத்தம் அது. தண்டையும் இழையையும் குலுக்கிக் கொட்டிவிட்டால் பல்பு ஒரு குடுவை ஆகிவிடும். அந்தக் காலத்தில் இதைப் பத்து வயதுப் பிள்ளைகள் வெறுங்கையால் செய்தார்கள், பலர் கையைக் கிழித்தும் கொண்டார்கள். இன்று செய்வதானால் பெரியவர்தான் செய்ய வேண்டும், தோல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. டியூப் லைட்டையும் சி.எஃப்.எல். பல்பையும் ஒருபோதும் உடைக்கக் கூடாது, அவற்றில் பாதரசம் இருக்கிறது.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றுவது நல்லது. குழாய்த் தண்ணீரைப் பச்சையாக ஊற்றினால், வெயில் சூட்டில் அதில் கரைந்திருக்கும் காற்று வெளிவந்து கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் குமிழாக ஒட்டிக்கொள்ளும், படத்தில் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். கழுத்து வரை தளும்ப ஊற்ற வேண்டும். குறைத்து ஊற்றினால் நீர்மட்டத்தின் விளிம்பு படத்தின் குறுக்கே கோடாக விழும்.

இப்போது கணக்கு. தண்ணீர் உருண்டை ஒரு லென்ஸ். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அந்த எண்ணுக்கு உருண்டையின் குவியதூரம் அதன் மையத்திலிருந்து சரியாக ஒரு குறுக்களவு வருகிறது. அதாவது 6 செ.மீ. பல்புக்கு மையத்திலிருந்து 6 செ.மீ., கண்ணாடிப் பரப்பிலிருந்து 3 செ.மீ. ஃபிலிமை பல்பிலிருந்து ஏறக்குறைய 3.2 செ.மீ. தள்ளி வைத்து, வேட்டியை 2 மீட்டர் தூரத்தில் கட்டினால் படம் ஏறக்குறைய 32 மடங்கு பெரிதாகும். 22 மி.மீ. அகலக் கட்டம் வேட்டியில் 70 செ.மீ. அகலத்துக்கு விரியும்.

பெட்டியை இப்படி அமைக்க வேண்டும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் ஒரு முனையில் ஃபிலிம் கட்டத்தின் அளவுக்கே, 22க்கு 16 மி.மீ., ஒரு சன்னல் வெட்டி, அதன் இரு பக்கமும் அட்டைப் பட்டை ஒட்டி ஃபிலிம் வழுக்கிப் போகும் காடி செய்துகொள்வது. பெட்டியின் மூடியில் வட்டத் துளை போட்டு பல்பைத் தொப்பி மேலே வரும்படி தொங்கவிடுவது. சன்னலும் பல்பின் நடுவும் ஒரே உயரத்தில் வர வேண்டும். எதிர் முனையை முழுவதுமாக வெட்டித் திறந்துவிடுவது. வெளியே ஒருவர் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கதவிடுக்கு வழியாகச் சன்னலில் அடிக்க வேண்டும். ஃபிலிமைத் தலைகீழாகச் செருக வேண்டும், அப்போதுதான் வேட்டியில் ஆள் நேராக நிற்பார்.

எதிர் முனையை முழுக்கத் திறந்துவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயில் பல்புக்குள் நுழைந்து வெளியேறி, மறுபக்கம் 3 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளியாகக் குவிந்த பிறகுதான் விரிந்து வேட்டிக்குப் போகிறது. அந்தப் புள்ளியில் அட்டை இருந்தால் கருகும், விரல் இருந்தால் சுடும். சிலர் முதலில் பல்பு, பிறகு ஃபிலிம் என்று வரிசையை மாற்றி வைத்து ஃபிலிமைப் பொசுக்குவது இதனால்தான். கண்ணாடி, ஃபிலிம், பல்பு, வேட்டி என்ற வரிசை மாறவே கூடாது. வேட்டிப் பக்கமிருந்து பல்புக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் பல்பைச் சன்னலோரத்தில் வைத்துவிட்டுப் போவது தீவிபத்துக்கு வழி.

சூரியன் 4 நிமிடத்தில் ஒரு பாகை நகரும். கண்ணாடியை அசையாமல் நிறுத்தினாலும், 5 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் அந்த 4 நிமிடத்தில் 9 செ.மீ. விலகிப் போயிருக்கும். அதனால் வெளியே வெயிலில் ஒருவர் நின்றே ஆக வேண்டும், அவருக்குப் படம் தெரியாது. ஆளை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் நியாயம்.

படம் மங்கினால் முதலில் பல்பைக் குறை சொல்லாதீர்கள், இருட்டைப் பாருங்கள். 32 மடங்கு என்றால் பரப்பில் ஆயிரம் மடங்கு. தபால்தலை அளவு வெளிச்சம் ஆயிரம் பங்காகப் பிரிந்து விழுகிறது. ஓட்டு இடுக்கிலிருந்து ஒரு கீற்று வந்தாலும் படம் வெளுத்துவிடும். அறைச் சன்னலுக்குப் போர்வையும், வெயில் வரும் வழி போகக் கதவிடுக்கின் மீதிக்குச் சாக்கும் தேவை. வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டினால் ஒளி பின்னால் ஊடுருவிப் போவது குறையும். ஓரங்களில் தூணும் கதவும் வளைந்து தெரிவது உருண்டை லென்ஸின் இயல்பு, அதைத் திருத்த முடியாது. வெயிலை விட்டு டார்ச் லைட்டில் முயன்றவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். வெயிலில் ஃபிலிம் ஒரு செ.மீ. முன்னே பின்னே இருந்தாலும் படம் கெடாது, டார்ச்சில் சில மில்லிமீட்டர் பிசகினாலே குழம்பிவிடும். சூரியக் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன, டார்ச்சின் கதிர்கள் பல திசையிலிருந்து வருகின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை இன்று செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஃபிலிம் கிடைப்பதுதான் சிரமம். 2010க்குப் பிறகான சில ஆண்டுகளில் கொட்டகைகள் டிஜிட்டலுக்கு மாறின. 2015 ஜனவரியில், எல்.இ.டி. பல்பை மலிவாகக் கொடுக்கும் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியபின் வீடுகளிலிருந்து குண்டு பல்பும் வேகமாக விடைபெற்றது. ஆனால் வழி இருக்கிறது. ஆய்வகக் கண்ணாடிப் பொருள் விற்கும் கடையில் 100 மி.லி. வட்ட அடிக் குடுவை கேளுங்கள். குறுக்களவு ஆறரை செ.மீ., ஏறக்குறைய பல்பின் அளவுதான், உடைக்கும் ஆபத்தும் இல்லை. ஃபிலிமுக்குப் பதில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அழியாத மார்க்கரால் படம் வரையலாம். பிள்ளைகள் தாங்களே வரைந்த படம் சுவரில் முக்கால் மீட்டருக்கு விரிவதைப் பார்ப்பது, என் கணக்கில், பழைய ஃபிலிமை விட மேல்.

தீப்பெட்டிக்கு வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்து, 1923இல் சிவகாசியில் தொடங்கிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி வரை பரவி, வீட்டுக்கு வீடு பெட்டி ஒட்டும் வேலையாக வளர்ந்தது. மென்மரத்தைத் தாள்போலச் சீவி மடித்து, நீலத்தாள் ஒட்டிய பெட்டிகள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. பிறகு அட்டைப்பெட்டி அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டு தீப்பெட்டியை நூலால் இணைத்துப் பேசும் போன் செய்ய மரப்பெட்டிதான் உசத்தி. மரச்சீவல் விறைப்பானது, குரலுக்கு அதிரும். அட்டை தொய்வானது, அதிர்வை விழுங்கும். ஈரக்காற்று பட்டால் இன்னும் மோசம்.

இரண்டு உள்பெட்டிகளின் அடிப்பக்க நடுவில் தையலூசியால் துளையிட வேண்டும். ஆணியால் இட்டால் துளை பெரிதாகி மரம் பிளக்கும். நூலை வெளியிலிருந்து உள்ளே விட்டு, உடைத்த தீக்குச்சித் துண்டில் கட்டி இழுத்தால் குச்சி அடித்தளத்தில் படிந்து நிற்கும். வெறும் முடிச்சு போட்டால் இரண்டு இழுப்பில் துளை வழியே வந்துவிடும். பருத்தி நூலாக இருந்தால் மெழுகுவர்த்தியில் தேய்த்துக்கொள்வது நல்லது. மீன்பிடிக்கும் நைலான் நரம்பு, அதாவது தங்கூசி, கிடைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் வரை தெளிவாகப் பேசலாம்.

போன் வேலை செய்யவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நூல் தொய்ந்திருக்கும், நூல் தூணிலோ கொடியிலோ உரசியிருக்கும், அல்லது பிடித்திருக்கும் விரல் அடித்தளத்தில் பட்டிருக்கும். மூன்றிலும் அதிர்வுதான் சாகிறது. பெட்டியை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். மூலை திரும்பிப் பேச ஆசைப்பட்டால், திரும்பும் இடத்தில் நூலைத் தூணில் உரசவிடாமல் ஒரு சிறு நூல் வளையத்தில் தொங்கவிட்டு இழுத்துப் பார்க்கலாம். சத்தம் குறையும், ஆனால் அறவே நிற்காது.

தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள் படத்தைக் கிழித்து எடுக்கக் கூடாது. மைதாப் பசையில் ஒட்டியது என்பதால் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறினால் தானே வழுக்கி வரும். பழைய நோட்டுத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனம் ஏற்றினால் சுருங்காமல் காயும். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும்.

பனை உள்ள ஊர்களில் சித்திரையும் வைகாசியும் நுங்குக் காலம். நுங்கைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் கோந்தை மாட்டுக்குப் போகும், அதற்கு முன் இரண்டு கோந்தை வண்டிக்குப் போகும். ஒரே அளவான காயாகத் தேர்ந்தெடுப்பது முதல் வேலை. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் வண்டி எப்போதும் சின்னக் காயின் பக்கமே திரும்பும். அச்சுக்கு விரல் கனத்தில் ஒரு சாண் நீளமான பச்சைக் குச்சி, இரு முனையும் கூராகச் சீவியது. அதைக் காயின் நட்ட நடுவில் குத்த வேண்டும். நடு தவறினால் வண்டி நொண்டும். குச்சி காயில் இறுக நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியில் சக்கரம் அச்சின்மேல் சுற்றுவதில்லை, சக்கரத்தோடு அச்சும் சேர்ந்து, தள்ளும் குச்சியின் முனையில் இரண்டாகப் பிரியும் கவைக்குள் சுற்றுகிறது. ஆகவே வழுவழுப்பு வேண்டிய இடம் கவையின் உட்பக்கம். கவை போட்ட நீளக் குச்சியில் அந்த இடத்தின் பட்டையை உரித்து, ஓட்டாஞ்சில்லால் தேய்த்து, சொட்டு எண்ணெய் தடவினால் சத்தமில்லாமல் ஓடும். கவையின் வாய் அகலமாக இருந்தால் அச்சு இடமும் வலமும் ஆடும். நெருக்கமாக இருந்தால் சிக்கிக்கொள்ளும்.

இரண்டு மூன்று நாளில் காய் வற்றிச் சுருங்கும், அச்சு லொடலொடக்கும். துணிக்கிழிசலை அச்சு முனையில் சுற்றி மறுபடி இறுக்கலாம். இன்னும் நாலு நாள் ஓடும். அதற்குமேல் அடுத்த குலை வெட்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பல்பு சினிமாவோ தீப்பெட்டி போனோ இவ்வளவு சுத்தமாக மண்ணுக்குத் திரும்பவில்லை.

பூவரசு இலைப் பீப்பி ஒரு நிமிட வேலை. கொழுந்து இலை கிழியும், முற்றல் இலை நரம்போரம் வெடிக்கும், இடைப்பட்ட பருவத்து இலை வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து ஒரு முனை சிறுத்து மறுமுனை விரியும்படி இறுக்கிச் சுருட்டி, சிறுத்த முனையை விரலால் நசுக்கித் தட்டையாக்கி ஊத வேண்டும். சத்தம் வராவிட்டால் நசுக்கியது போதவில்லை. காற்று அடைபட்டால் அதிகமாகிவிட்டது. நாதஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளியிலும் இப்படி இரண்டு உதடுகள்தான் அதிர்கின்றன.

லீவின் கடைசி வாரத்தில் வரும் வேலை ரஃப் நோட்டுத் தைப்பது. விளையாட்டுப் பட்டியலில் இதைச் சேர்ப்பது சிலருக்கு வினோதமாகப் படலாம். ஆனால் லீவில் செய்த பொருட்களில் ஒரு வருடம் முழுக்க உழைத்தது இது ஒன்றுதான். பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழிக்காமல் எடுப்பதில்தான் சூட்சுமம். நோட்டின் நடுப்பக்கத்தைத் திறந்து பின்னை நிமிர்த்திக் கழற்றினால் இரட்டைத் தாள்கள் முழுசாக வரும். முன்பாதி எழுதி, பின்பாதி வெற்றாக இருக்கும் தாள்களை மடிப்பில் வெட்டி ஒற்றைத் தாளாக்க வேண்டும். இரட்டைத் தாள்கள் மடிப்பில் தைக்கும் நடுத்தையலுக்கு, ஒற்றைத் தாள்கள் ஓரத்தில் தைக்கும் பக்கத்தையலுக்கு. இரண்டையும் கலந்து தைத்தால் ஒற்றைத் தாள்கள் பள்ளி திறந்த முதல் மாதமே உதிரும்.

பக்கத்தையலுக்கு நாற்பது ஐம்பது தாள் போதும். முதுகுப் பக்கத்தைத் தட்டிச் சமன்செய்து, ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி நடுவில் ஒன்றும், மேலும் கீழும் ஒவ்வொன்றுமாக மூன்று துளையை ஆணியடித்துப் போட வேண்டும். கோணி ஊசியில் ட்வைன் நூல் கோத்து, பின்புறமிருந்து நடுத்துளை வழியே முன்னால் வந்து, மேல்துளையில் பின்னால் போய், பின்புறமாகவே நீள ஓடிக் கீழ்த்துளையில் முன்னால் வந்து, மறுபடி நடுத்துளையில் பின்னால் போக வேண்டும். இப்போது நூலின் இரண்டு முனையும் பின்பக்கம் இருக்கும், நடுவே நீள ஓடும் நூல் இருக்கும். முனைகளை அந்த நூலின் இருபுறமும் வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டால் மூன்று துளையும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

அட்டைக்கு மாதக் காலண்டரின் கெட்டித் தாள். ஒட்ட மைதாப் பசை: ஒரு பங்கு மாவுக்கு ஆறு பங்கு தண்ணீர். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு அடுப்பில் ஏற்ற வேண்டும், கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கியதும் இறக்குவது. கரப்பானும் எறும்பும் அரிக்காமலிருக்க பைண்டர்கள் இதில் சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், சிறு பிள்ளைகள் கையாளும் பசையில் வேண்டாம், அதற்குப் பதில் அன்றன்றைக்குத் தேவையான பசையை மட்டும் காய்ச்சினால் போதும். பசையை மெல்லிசாகத்தான் தடவ வேண்டும். அப்பிவிட்டால் காயும்போது அட்டை வளைந்துகொள்ளும். ஒட்டியதும் நோட்டை அம்மிக்கல்லுக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிட்டு, முடிச்சின் மீதி நூலை ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் ட்வைன் நழுவி முடிச்சு அவிழ்ந்துவிடும்.